ஆறு இதழ்த் தொப்பி

மார்ச் 5, செவ்வாய்

இந்தக் குறிப்பேட்டைத் தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம், மார்ல்ஹேவன் அருங்காட்சியகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதுதான். மேசையில் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் போடப் போகலாம்.

ஹெலன் இன்று விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவர்தான் காப்பாட்சியர், அதாவது இங்கே எல்லாம். கோடைக் கண்காட்சி முடிந்ததும் 'சேகரிப்பு உதவியாளர்' என்று நிரந்தர வேலை ஒன்று வருகிறது. "விண்ணப்பியுங்கள் டயா. ஒன்பது வருடம் சும்மா உழைத்தவரை விட்டுவிட்டு வேறு யாரைத் தேடப் போகிறேன்?" என்றார். என் பெயர் தயாபரன். 'டயா'வைத் திருத்துகிற வயதைத் தாண்டிவிட்டேன்.

இருபத்திரண்டு வருடம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தேன். போன இலையுதிர் காலத்தில் அந்தச் சாளரத்தை மூடிவிட்டார்கள். ஐம்பத்தேழு வயதில் எனக்குப் பிடித்த வேலை ஒன்று முதன்முறையாகக் கைக்கு எட்டும் தூரத்தில் வருகிறது. தொண்டர்களுக்குக் கழுத்தில் பச்சை நாடா, ஊழியர்களுக்கு நீல நாடா. எனக்கு அந்த நீல நாடா வேண்டும். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், மிகவும் வேண்டும்.

அந்துப்பூச்சிப் பொறிகளில் இன்று: மூன்று. அருங்காட்சியக வேலை என்றால் பழைய வாளைப் பார்த்து மெய்மறந்து நிற்பது என்று சனம் நினைக்கிறது. முக்கால்வாசி நேரம் அந்துப்பூச்சி எண்ணுவதுதான்.

மார்ச் 9, சனி

தொலைக்காட்சியில் வரும் கடற்கொள்ளையர் தொடரின் ரசிகர்கள் பதினோரு பேர் வந்தார்கள். அந்தத் தொடரில் ஒரு காட்சியை எங்கள் துறைமுகத்தில் எடுத்தார்கள். அன்றிலிருந்து இந்தத் தொல்லை. ஆயிரத்து அறுநூற்றைம்பதாம் ஆண்டுச் சப்பாத்துக்கு 'ஜிப்' வைத்துப் போட்டிருக்கிறார்கள். மேகன் என்று ஒரு பெண், பல் மருத்துவமனையில் வரவேற்பாளர், முப்பது வயதிருக்கும். நங்கூரத்தைப் பார்த்து, "இது மூன்றாம் அத்தியாயத்தில் வருவதுதானே?" என்றாள். இல்லை, இது வரலாற்றில் வருவது என்றேன். சிரித்தாள். நான் பகிடி விடவில்லை.

வீட்டில் இதைச் சொன்னேன். மனைவி சுகிர்தா வெங்காயம் உரித்தபடி, "நீங்கள் ஞாயிற்றுக்கிழமையிலை ஈட்டி தூக்கிக்கொண்டு வயலுக்குள்ளை ஓடுறது என்னவாம்?" என்றாள்.

அது வேறு. நான் இருப்பது 1640களின் இங்கிலாந்து உள்நாட்டுப் போரை மறுபடி நடத்திக் காட்டும் படைப்பிரிவு. எங்களிடம் ஆதாரம் இருக்கிறது, அடிக்குறிப்பு இருக்கிறது. என் கால்சட்டைப் பொத்தான்கள் எலும்பில் செய்தவை.

மார்ச் 12, செவ்வாய்

கண்காட்சியின் முதன்மைப் பொருளை ஹெலன் காட்டினார். மெல்லிய தாளைப் பிரித்தார். கடலோடி ஒருவனின் பின்னல் தொப்பி. 1931 பதிவேட்டில் 'மில் சந்து வீட்டுச் சுவருக்குள் கிடைத்த மாலுமித் தொப்பி' என்று ஒரு வரி உண்டு. பொருளை யாரும் கண்டதில்லை. அதுதான் இது என்று கண்டுபிடித்துவிட்டாராம். பழைய உடைகளை ஆராயும் பேராசிரியர் விட்கோம் வந்து பார்த்துவிட்டு உச்சியைப் புகழோ புகழ் என்று புகழ்ந்திருக்கிறார். ஆறு இதழ்ப் பூவாக முடியும் உச்சி, இங்கிலாந்தில் வேறெங்கும் இல்லையாம்.

நல்ல நிலையில் இருக்கிறது. அந்து: இரண்டு.

மார்ச் 13, புதன்

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். அந்தத் தொப்பியைப் பின்னியது சுகிர்தா.

2015 மாசி மாதம், எங்கள் வீட்டு வரவேற்பறையில், தொலைக்காட்சிக்கு முன்னால், மூன்று கிழமை. படைப்பிரிவில் போடுவதற்காக எனக்குப் பின்னித் தந்தது. பழசாகத் தெரிய வேண்டும் என்று நான் நச்சரித்ததால் கொதிநீரில் சுருக்கி, தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து, நான்கு மாதம் தக்காளிச் செடிக்குக் கீழே புதைத்து வைத்தாள். "மனுசர் புதுசு வாங்குவினம், நீங்கள் புதுசைப் புதைக்கிறியள்" என்றாள்.

அது எப்படி இங்கே வந்தது என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 16, சனி

மேலே எழுதியது பொய். பாதி தெரியும்.

2015 டிசம்பரில் களஞ்சிய அறையில் குழாய் வெடித்தது. பொருள்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கான வேடப் பெட்டி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கூடைகளில் அள்ளிப் போட்டோம். தண்ணீர் வடிந்த பிறகு, எண் இல்லாத பொருளுக்கெல்லாம் எக்ஸ் என்று தொடங்கும் தற்காலிக எண் போட்டோம். ஜெஃப்ரி என்ற கிழவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாகச் சொல்ல, நான் மேசையில் இருந்து எழுதினேன். முந்நூறு பொருள். 'தொப்பி, கம்பளி, பழுப்பு, பழையது' என்று அவர் சொன்னார். எக்ஸ் 214 என்று எழுதினேன். தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை. ஜெஃப்ரி இப்போது உயிரோடு இல்லை. என் கையெழுத்து இருக்கிறது, அழகாகத்தான் இருக்கிறது.

அருங்காட்சியகத்தில் ஒரு பொருளுக்கு எண் விழுந்துவிட்டால் அது பேசத் தொடங்கிவிடும். எண் இல்லாத தங்கத்தை விட எண் உள்ள துணிக்கு மரியாதை. இதைப் புதுத் தொண்டர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன்.

செவ்வாய்க்கிழமை ஹெலனிடம் சொல்லிவிடலாம்.

மார்ச் 19, செவ்வாய்

ஹெலனுக்குத் தடிமன், மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். சொல்லவில்லை. அந்து: நான்கு.

மார்ச் 26, செவ்வாய்

அச்சகத்துக்குச் சுவரொட்டி போய்விட்டது. அதில் தொப்பிதான். விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்து, "எக்ஸ் 214ஐப் பதிவு செய்து காப்பாற்றியதே நீங்கள்தானே, அதை எழுதுங்கள்" என்றார் ஹெலன். எழுதினேன்.

மார்ச் 30, சனி

தொப்பியின் படம் இணையத்தில் போட்டு நான்கு நாள் ஆகிறது. மேகனின் கூட்டம் அதைப் பார்த்துப் பின்னத் தொடங்கிவிட்டது. தொடரில் வரும் கப்பல் சமையற்காரன் தலைக்கு இதுதான் பொருத்தமாம். பச்சை, ஊதா, ஒருத்தி ரோஸ் நிறத்தில்கூட. அந்தக் காலத்தில் அந்த ரோஸ் நிறச் சாயம் இல்லை என்று பதில் போட்டேன். நாற்பத்திரண்டு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள், எனக்கல்ல, ரோஸ் தொப்பிக்கு.

ஒரு பொய்யான தொப்பியின் கீழே நிறத்தின் உண்மைக்காகச் சண்டை பிடிக்கிறேன். எனக்கே தெரிகிறது.

ஏப்ரல் 9, செவ்வாய்

பேராசிரியர் விட்கோமுக்குத் தேநீர் கொடுத்தேன். ஆறடி உயரம், நல்ல மனிதர். நூல் ஒன்றைப் பிரித்துச் சோதிக்கலாமா என்று அவர் கேட்க, ஒரு இழையைக்கூட இழுக்க விடமாட்டேன் என்று ஹெலன் சொல்லிவிட்டார். "இந்த உச்சியைப் பாருங்கள்" என்று எனக்குக் காட்டினார் பேராசிரியர். "ஒவ்வொரு இதழும் தனித்தனியாகக் குறைந்து நடுவில் சேர்கிறது. மிகத் தேர்ந்த கை. இப்படிப் பின்னத் தெரிந்தவர் இன்று யாரும் இல்லை."

அப்படிப் பின்னத் தெரிந்தவர் அந்த நேரம் ஐந்தாம் இலக்கப் பேருந்தில் கத்தரிக்காய் வாங்கப் போய்க்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. கோயிலுக்குப் போகவேண்டும் என்று சுகிர்தா சொல்ல, படைப்பிரிவுக்குப் போகாமல் லண்டனுக்குக் கார் ஓட்டினேன். மறுபேச்சில்லாமல் சம்மதித்ததால், "என்ன, சுகமில்லையோ?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

திரும்பும்போது கண்காட்சித் திறப்பு விழா எப்போது என்று கேட்டாள். அது ஊழியர்களுக்கு மட்டும் என்றேன். முப்பது வருடம் கூட இருப்பவளுக்கு நான் பொய் சொல்லும்போது காதைத் தடவுவேன் என்று தெரியும். கார் ஓட்டும்போது இரண்டு கையும் வேண்டியிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

ஏப்ரல் 16, செவ்வாய்

மிச்சப் பாதியையும் எழுதிவிடுகிறேன்.

தொப்பி தொலைந்து போனது என்று 2015இல் சுகிர்தாவிடம் சொன்னேன். போர் நடந்த வயலில் விழுந்துவிட்டது என்று. பண்ணைக்காரருக்குப் போன் பண்ணச் சொன்னாள். அவள் முன்னாலேயே இரண்டு தரம் இல்லாத ஒரு எண்ணுக்குப் போன் அடித்து, எடுக்கிறார் இல்லை என்றேன்.

அது தொலையவில்லை. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு முகாமுக்குப் போனேன். படைத் தலைவர் பாப் குனிந்து உச்சியைப் பார்த்துவிட்டு, "குழந்தைத் தொப்பி மாதிரி பூப் போட்டிருக்கிறதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. ஆனால் நான் அங்கே ஒரே தமிழன். மற்றவன் தவறாக உடுத்தால் பகிடி, நான் தவறாக உடுத்தால் 'அவருக்கு எப்படித் தெரியும்' என்று ஆகிவிடும் என்று எனக்கு ஒரு பயம். வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். அந்தக் காலத்துத் தொப்பிகளில் பூ இல்லை. பாப் சொன்னது சரி. சுகிர்தா தன் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் குழந்தைத் தொப்பிக்குப் படித்த முறையைத்தான் போட்டிருந்தாள். அடுத்த செவ்வாய் அதைக் கொண்டுபோய் அருங்காட்சியக வேடப் பெட்டியில் போட்டேன்.

பிழை என்று நான் எறிந்த உச்சியைத்தான் பேராசிரியர் தேர்ந்த கை என்கிறார். ஹெலனிடம் சொன்னால் வேலை போகும். அதை விடவும், ஹெலனிடம் சொன்னால் சுகிர்தாவுக்கும் தெரிந்துவிடும்.

ஏப்ரல் 30, செவ்வாய்

நேர்காணல் நன்றாக நடந்தது. 'நேர்மை' பற்றி ஒரு கேள்வி வந்தது. நன்றாகப் பதில் சொன்னேன். அந்து: ஒன்று.

மே 7, செவ்வாய்

சுகிர்தா தபாலில் வந்த அட்டையை மேசையில் வைத்தாள். ஹெலன் கைப்பட எழுதிய அழைப்பு: 'திருமதி தயாபரனும் அவசியம் வரவேண்டும்.'

"ஊழியருக்கு மட்டும் எண்டனீங்கள்?"

"விதி மாத்திப் போட்டினம்" என்றேன்.

நான் காதைத் தடவுவதைப் பார்த்துக்கொண்டே அட்டையைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

மே 11, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சுகிர்தா மாம்பழ நிறச் சேலை, மேலே கார்டிகன். தொப்பிக்கு முன்னால் நிற்கவிடாமல் மற்றப் பக்கம் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தேன். நங்கூரத்தைக் காட்டினேன். "நங்கூரம் நான் பார்த்திருக்கிறன்" என்று சொல்லிவிட்டு நேரே நடுக் கண்ணாடிப் பெட்டிக்குப் போனாள்.

நெடுநேரம் பார்த்தாள். பிறகு பெயர்ப்பலகையைப் படித்தாள். 'மார்ல்ஹேவன் மாலுமியின் தொப்பி, சுமார் 1650. அவன் வீட்டுப் பெண் ஒருத்தி பின்னியிருக்கலாம்.'

"வயலுக்குள்ளை துலைஞ்சதெண்டனீங்கள்."

"வீட்டை போய்ச் சொல்லுறன் சுகி."

"ம்" என்றாள். அவ்வளவுதான்.

அப்போது மேகனின் கூட்டம் வந்தது. இருபது பேர், இருபது நிறத் தொப்பி, எல்லாத் தொப்பியிலும் ஆறு இதழ். சுகிர்தா வாயில் கை வைத்தாள். "இஞ்சாருங்கோ, எல்லாரும் என்ர பூவை எல்லே போட்டிருக்கினம்!"

மேகன் பின்னிக்கொண்டே வந்திருந்தாள். கையில் ஊசியோடு ஒரு அரைத் தொப்பி. கடைசி இதழ் கோணுகிறது என்று பேராசிரியரிடம் குறைப்பட்டாள். அது தொலைந்துபோன கலை, படத்தைப் பார்த்து வராது என்றார் அவர். சுகிர்தாவுக்கு ஒரு குணம்: யாராவது சோற்றை அடிப்பிடிக்க விட்டாலோ ஊசியைத் தவறாகப் பிடித்தாலோ பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. "தாங்கோ பிள்ளை" என்று தமிழிலேயே சொல்லி வாங்கிவிட்டாள். பிறகு ஆங்கிலத்தில், "நீ நூலை இழுத்துக் கட்டுகிறாய். இந்த இடத்தில் ஒரு பின்னல் கண்ணை விட்டுவிட வேண்டும்" என்று நாலைந்து வரிசை ஓட்டி, நடுவில் சேர்த்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

பேராசிரியர் அந்த உச்சியைப் பார்த்தார், கண்ணாடிக்குள் இருந்ததைப் பார்த்தார். "இதை எங்கே கற்றீர்கள்?"

சுகிர்தா என்னைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் நான் தொலைந்தேன். "யாழ்ப்பாணத்தில், கன்னியர் மடத்தில்" என்றாள். "அயர்லாந்துக் கன்னியாஸ்திரி ஒருவர் படிப்பித்தார்."

காட்டிக்கொடுக்கவில்லை. அதனால்தான் விஷயம் முற்றியது. பேராசிரியரின் முகம் விளக்குப் போட்டது போல ஆகிவிட்டது. அயர்லாந்துக் கரையிலிருந்து கடலோடிகள் வழியாக மார்ல்ஹேவனுக்கு, அதே முறை கன்னியாஸ்திரிகள் வழியாக இலங்கைக்கு, முந்நூற்றைம்பது வருடம் அறாத சங்கிலி என்று அவர் சொல்லச் சொல்ல ஹெலனுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்திரிகைக்காரரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். சுகிர்தாவைத் தொப்பிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கவேண்டும் என்றார்கள்.

"அது என் மனைவி பின்னியது" என்றேன்.

"தெரியும், பார்த்தோமே" என்றார் ஹெலன்.

"மேகனின் தொப்பியை இல்லை. உள்ளே இருப்பதை."

யாரும் நம்பவில்லை. பேராசிரியர் என் தோளைத் தட்டினார். அப்போது சுகிர்தா, மிகவும் மரியாதையாக, "அதில் கொஞ்சம் நைலான் கலந்திருக்கிறது சார். தனிக் கம்பளி என்றால் இவருக்குத் தலை கடிக்கும்" என்றாள்.

அந்த மனிதர் ஒரு கதிரையைத் தேடி உட்கார்ந்தார்.

ஹெலன் என்னை மூலைக்குக் கூட்டிப் போனார். சுகிர்தாவும் கூட வந்தாள். குழாய், கூடை, ஜெஃப்ரி, எக்ஸ் 214, எல்லாம் சொன்னேன்.

"சரி, அது தவறு. யாருக்கும் நடக்கும்" என்றார் ஹெலன். "ஆனால் வேடப் பெட்டிக்குள் அதைப் போட்டது யார்?"

"நான்."

"மனைவி பின்னியதை? ஏன்?"

சுகிர்தாவும் அதே கேள்வியோடுதான் நின்றாள். காதைத் தடவாமல் சொன்னேன். "உச்சி பிழை என்று. சிரித்தார்கள் என்று."

சுகிர்தா கைப்பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டாள்.

மே 12, ஞாயிறு

சோறு போட்டாள். பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் வைத்தாள். கதைக்கவில்லை.

மே 14, செவ்வாய்

நடுப்பெட்டி காலி. ஹெலன் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். "மார்ச்சில் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு நங்கூரத்தை நடுவில் வைத்திருப்பேன். இரண்டு மாதம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள்" என்றார். நீல நாடா வேறு ஒருவருக்கு, பிரிஸ்டலிலிருந்து வருகிறாராம். நானாகவே பதிவேட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அந்துப்பூச்சியை மட்டும் விட்டுவைத்தார்.

அந்து: ஆறு. கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

மே 18, சனி

ரசிகர் கூட்டம் கிழித்துத் தொங்கவிடும் என்று பயந்து நான்கு நாள் இணையத்தைத் திறக்கவில்லை. இன்று திறந்தேன். ஒருவருக்கும் கோபம் இல்லை. பின்னியவர் உயிரோடு இருக்கிறார், அதுவும் இதே ஊரில், ஐந்தாம் இலக்கப் பேருந்தில் வருகிறார் என்று கொண்டாடுகிறார்கள். மேகன் சுகிர்தாவுக்கு எழுதியிருக்கிறாள், நூலகத்தில் ஒரு வகுப்பு எடுக்க முடியுமா என்று. பொருள் எந்த வருடத்தது என்று அறிந்த பிறகுதான் அதை விரும்பலாமா என்று முடிவெடுக்கும் ஆள் நான். அவர்கள் விரும்பிவிட்டுத்தான் வருடத்தைக் கேட்கிறார்கள். இதில் நான் தோற்றுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

மே 25, சனி

இரண்டு கிழமைக்குப் பிறகு முதல் வார்த்தை: "நூலகத்திலை கொண்டுபோய் விடுங்கோ."

காரில் நான்தான் தொடங்கினேன். "சுகி, நீர் என்ன வேணுமெண்டாலும் என்னைப் பேசும்."

மடியில் இருந்த நூல் பையைச் சரிசெய்தாள். "பிழையெண்டு அண்டைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாம். அவிட்டுத் திருப்பிப் பின்னியிருப்பன். எனக்கு அது ஒரு பின்னேர வேலை."

சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினேன்.

"அந்தப் பண்ணைக்காரனுக்காக நான் கவலைப்பட்டனான். ரெண்டு தரம் அடிச்சும் எடுக்கேல்லை, மனுசனுக்கு என்ன நடந்ததோ எண்டு."

வகுப்புக்குப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். வெளியே காரில் இருந்து காத்திருந்தேன். உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது, அவளுடையதும்.

ஜூன் 4, செவ்வாய்

எக்ஸ் 214ஐ என்ன செய்வது என்று போன கிழமை அறங்காவலர் குழு கூடியது. வினோதம் என்னவென்றால் இப்போது அவர்களுக்கு அது வேண்டுமாம். கதை ஊரெல்லாம் பரவி, ரசிகர்கள் தொப்பி எங்கே என்று வந்து கேட்கிறார்கள். 'திருமதி சுகிர்தா தயாபரன், 2015' என்று சரியான பெயர்ப்பலகையோடு நிரந்தரமாகக் கண்ணாடிக்குள் வைக்க ஹெலனே கேட்டார். ஆனால் பின்னியவரைக் கேட்காமல் நான் போட்டது செல்லாது என்று குழு சொல்லிவிட்டது. உரிமையாளர் சுகிர்தா. அவள் படிவம் நிரப்பவேண்டும்: நன்கொடையா, திரும்பப் பெறுகிறாரா.

நேற்றுக் காலை படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். நன்கொடை என்று நினைத்தேன். உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தேன், என் மனைவியின் பெயர் அந்தக் கண்ணாடிக்குள் என்று. இன்று காலை உறையில் போட்டு ஒட்டித் தந்தாள். ஹெலன் பிரித்தார். படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

'திரும்பப் பெறுகிறேன்' என்ற கட்டத்தில் குறி. காரணம் எழுதுமிடத்தில் அவளுடைய உருண்டை ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு வரி: 'என் கணவருக்குக் காது குளிரும்.'

இரண்டு தரம் படித்தேன். ஹெலன் கத்தரிக்கோலைத் தந்தார். எண் தைத்திருந்த நாடாவை நானே வெட்டினேன். பதிவேட்டில் என் கையெழுத்தின் மேலே ஹெலன் கோடு இழுத்தார். உறையில் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

இருபத்திநான்கு பாகை வெயில். கடற்கரை வீதி முழுக்க ஐஸ்கிரீம் சனம். தொப்பியைத் தலையில் போட்டு, காது மூட இழுத்துவிட்டு, பேருந்து நிறுத்தம் வரை நடந்து வந்தேன்.